கடலில் பிடித்த சால்மனா, பண்ணை சால்மனா: ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மீன் எதைத் தின்றதோ, அதன் தடயம் சதையில் தங்கிவிடும். அதைத் தேடி அளப்பதுதான் இந்தச் சோதனை. பச்சைப் புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சளாகவும், வைக்கோல் மட்டும் தின்ற பசுவின் வெண்ணெய் வெளிறியும் இருக்குமே, அது மாதிரிதான்.

முதலில் கொழுப்பைப் பார்ப்பார்கள். நார்வே, சிலி பண்ணைகளில் தரும் தீவனத்தில் சோயா, கடுகு இனத் தாவர எண்ணெய்கள் நிறைய உண்டு. அவற்றில் உள்ள லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் பண்ணை மீனில் கூடுதலாக இருக்கும். கடல் மீனில் மிகக் குறைவு.

அப்புறம் நிறம். சால்மனுக்குச் செந்நிறம் தருவது அஸ்டாசாந்தின். இதன் மூலக்கூறு மூன்று வடிவங்களில் வரும். பண்ணைத் தீவனத்தில் பெரும்பாலும் சேர்க்கும், தொழிற்சாலையில் தயாரித்த நிறமியில் அவை 1:2:1 என்ற விகிதத்தில் கலந்திருக்கும். கடல் மீனில் ஒரே வடிவம்தான் பெரும்பகுதி. எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்: கண்ணுக்கு ஒரே சிவப்பு, கருவிக்கு வேறு வேறு.

ஆனால் சில பண்ணைகள் இயற்கை நிறமியும் தருகின்றன. அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல், நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) அளந்து ஒப்பிடுவார்கள். அமெரிக்காவின் அலாஸ்காவில் 1990 முதல் மீன் பண்ணைக்கே தடை என்பதால், அங்கு பிடித்த மீன்கள் ஒப்பீட்டுக்கு நல்ல மாதிரிகள்.

பண்ணை மீனுக்குச் சாயத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, நிறமி தீவனத்தோடு போகிறது, கடல் மீனுக்கோ இறால் போன்ற சிற்றுயிர்களிலிருந்து கிடைக்கிறது.