என்எஃப்எல் முதல் ஐஎஸ்எல் வரை: கேட்டதும் சொன்னதும்

இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 'நம்ம லீக் ஏன் பிரீமியர் லீக் மாதிரி இல்லை' வகைக் கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணே, 2014க்கு முன்னாடி இந்தியாவில் லீக் ஒன்று இருந்ததா? எனக்கு ஐஎஸ்எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) முந்தி எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

இருந்தது தம்பி, டிவியில் ஒழுங்காகக் காட்டத்தான் ஆளில்லை. டூரண்ட் கோப்பை 1888இலிருந்து நடக்கிறது, கல்கத்தா லீக் 1898இலிருந்து, மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபி 1941இலிருந்து, கிளப்புகளுக்கான ஃபெடரேஷன் கோப்பை 1977இலிருந்து. இவ்வளவு இருந்தும் நாடு முழுக்க ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் ஆடுகிற லீக் மட்டும் கிடையாது. அது 1996இல்தான் வந்தது, பெயர் தேசியக் கால்பந்து லீக், சுருக்கமாக என்எஃப்எல். முதல் பட்டத்தை வாங்கியது பஞ்சாபின் ஃபக்வாராவைச் சேர்ந்த ஜேசிடி என்ற துணி மில்லின் அணி. பாய்சுங் பூட்டியா அந்த சீசனில் 14 கோல் அடித்தார், பக்கத்தில் ஐ.எம்.விஜயன். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மில் டீம் முதல் சாம்பியன் ஆனதை இப்போது சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

சென்னையிலிருந்து யாராவது அதில் ஆடினார்களா சார்?

இந்தியன் வங்கி. சபீர் பாஷா பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த அணியின் முகமே அவர்தான், பின்னாளில் ஐஎஸ்எல் அணியான 'சென்னையின் எஃப்சி'யிலும் பயிற்சியாளர் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு வங்கி வேலைதான் பெரிய விஷயம், ஏனென்றால் முழங்கால் போனாலும் சம்பளம் போகாது. கிளப்பை நம்பி வாழ முடியாத நாட்டில் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நிறுவன அணிக்கு இருக்கிற பிரச்சினை வேறு, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

2007இல் என்எஃப்எல்லை ஐ-லீக் என்று பெயர் மாற்றினார்களே, பெயர் மட்டும்தான் மாறியதா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு 'தொழில்முறை லீக்காக நடத்துங்கள்' என்று நெருக்கிக்கொண்டிருந்த காலம், அதற்காக 10 அணிகளோடு புதுப் பெயரில் தொடங்கினார்கள். ஆடியது பெரும்பாலும் அதே கிளப்புகள், அதே மைதானங்கள். நிறுவன அணிகளின் பிரச்சினை இங்கேதான் வெளியே வந்தது. விளம்பரம் கிடைக்காத இடத்தில் ஒரு கம்பெனி எத்தனை வருஷம் பணம் போடும்? 2005-06 சாம்பியனான மகிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது, அடுத்த வருஷமே ஜேசிடியும் போய்விட்டது. இரண்டு முன்னாள் தேசிய சாம்பியன்கள் அடுத்தடுத்து காணாமல் போனபோது சத்தமே இல்லை. என்னைக் கேட்டால் ஐஎஸ்எல்லைத் திட்டுகிற பழைய ரசிகர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும், ஐ-லீக் ஐஎஸ்எல் வந்த பிறகு நோய்வாய்ப்படவில்லை.

கோவா கிளப்புகள் அப்போது பெரிய ஆளாமே? இப்போது டெம்போ என்றால் யாருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் போனதுதான் அநியாயம். ஐ-லீக்கின் முதல் ஆறு பட்டங்களும் கோவாவுக்குத்தான் போயின: டெம்போ மூன்று, சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டு, சல்காவ்கர் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. அர்மாண்டோ கொலாசோ பயிற்சியில் டெம்போ என்எஃப்எல்லையும் சேர்த்து ஐந்து முறை தேசிய சாம்பியன். 2011-12இல் ரான்டி மார்டின்ஸ் ஒரே சீசனில் 32 கோல் அடித்தார், ஒரு முழு அணியே அத்தனை அடிக்கத் திணறுகிற லீக்கில். பிறகு 2016இல் 'ஐஎஸ்எல்தான் இனி மேல்மட்டம்' என்ற திட்டம் வெளியானதும் டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா மூன்றும் ஐ-லீக்கிலிருந்தே விலகின. டெம்போ அந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே வரும் உரிமை பெற்றிருந்தது, அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டது.

கொல்கத்தாவின் மோகன் பகான் ஒரு டெர்பியில் (அதே ஊர் ஈஸ்ட் பெங்காலோடு மோதுகிற ஆட்டத்தில்) பாதியில் கிளம்பிப் போனது உண்மையா, கதையா?

உண்மை. 2012 டிசம்பர் 9, சால்ட் லேக் மைதானம். ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் முன்னிலை, பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை, கூட்டம் கொதித்துப்போய் கல்லெறிந்ததில் பகானின் ரஹீம் நபிக்கு முகத்தில் அடிபட்டது. இடைவேளைக்குப் பிறகு பகான் களத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு வருஷத் தடை என்று அறிவித்துவிட்டு, அப்புறம் 2 கோடி ரூபாய் அபராதத்தோடும் அதுவரை எடுத்த புள்ளிகளை அழித்ததோடும் முடித்துக்கொண்டார்கள். பகான் இல்லாத லீக்கை யார் பார்ப்பார்கள் என்ற பயம்தான், வேறென்ன.

ஐஎஸ்எல் எப்படி நடுவில் வந்தது? சம்மேளனமே தன் லீக்குக்குப் போட்டியாக இன்னொன்றை விடுமா?

விட்டது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்ஸுடன் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டு வணிக உரிமைகளைக் கொடுத்துவிட்டது. அதிலிருந்து பிறந்தது ஐஎஸ்எல். 2014 அக்டோபர் 12இல் தொடங்கி டிசம்பர் 20இல் முடிந்துவிட்டது, எட்டு அணிகள். டெல் பியரோ, ட்ரெஸகே, பிரெஸ், யுங்பெர்க் எல்லாம் ஓய்வுக் காலத்தில் வந்து ஆடினார்கள். களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்ற விதி அப்போது, பின்னால் ஐந்தாகி, 2021இல் நான்கானது. மூன்று வருஷம் இரண்டு லீக்கும் ஆண்டைப் பங்கு போட்டுக்கொண்டன, ஆட்டக்காரர்களும் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆடினார்கள். 2017-18இல் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பித்தன, பெங்களூரு எஃப்சி அந்தப் பக்கம் தாவியது. 2019-20இலிருந்து ஐஎஸ்எல்தான் முதல் தட்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சம்பளம், புல்தரை, ஒளிபரப்பு மூன்றிலும் ஐஎஸ்எல் வந்த பிறகு கிடைத்தது முன்பு கனவிலும் கிடையாது.

கோவையில் நடந்த அந்த 2019 ஐ-லீக் கடைசி ஆட்டத்தைப் பற்றி எழுதுங்கள் அண்ணே, என் தம்பிக்குக் காட்டணும்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். சென்னை சிட்டி எஃப்சி, பெயர் சென்னை, சொந்த மைதானமோ கோவை நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பந்தைத் தரையில் வைத்தே ஆடும் அணி, முன்னால் பெட்ரோ மான்ஸி, அந்த சீசனில் 21 கோல். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பையன்கள் வரிசையாக. கடைசி நாள் மார்ச் 9. சென்னை சிட்டி ஜெயித்தால் பட்டம். தடுக்கி விழுந்து, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் எல்லாம் போச்சு. எதிரணி மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷமே கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார், அப்போதும் போதாது, ஏனென்றால் டிரா ஆனால் கோப்பை கொல்கத்தாவுக்கு. 69வது நிமிஷம் கௌரவ் போரா. அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் திரும்பி வந்து 2-1 என்று ஜெயித்துவிட்டது, ஆகவே இங்கே ஒரு கோல் வாங்கினாலும் கதை முடிந்தது. கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்றைப் போட்ட பிறகுதான் ஸ்டேடியம் மூச்சு விட்டது. 3-1. புள்ளிகள் 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

இரண்டு சீசன் கழித்து அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. அதே பையன்கள் ஐஎஸ்எல் கிளப்புகளுக்குச் சிதறிவிட்டார்கள். கோவையில் எத்தனை பேருக்கு இந்தப் பட்டம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மிசோரமின் ஐசால் எஃப்சி ஐ-லீக்கை ஜெயித்தது இதைவிடப் பெரிசு இல்லையா?

ஆமாம், பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். 2015-16இல் கீழே இறங்க வேண்டிய அணி, கோவா கிளப்புகள் விலகியதால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டது, அடுத்த சீசனிலேயே சாம்பியன். ஷில்லாங்கில் கடைசி ஆட்டம் 1-1 டிரா, அந்த ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது. பயிற்சியாளர் காலித் ஜமீல், மும்பை கிளப் வேண்டாமென்று அனுப்பியவர். 2025இல் இந்திய அணியின் பயிற்சியாளரானது அவரேதான்.

சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் கோப்பையை இரண்டு முறை வாங்கியதைப் பற்றி ஒரு வரி?

2015இல் மட்டெராசி பயிற்சியில், ஃபட்டோர்டாவில் கோவாவை 3-2. 87வது நிமிஷம் பின்தங்கி, கடைசி சில நிமிஷங்களில் இரண்டு கோல். வெள்ளம் வந்த டிசம்பர் அது, அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியிருந்தது. 2018இல் ஜான் கிரிகரி, பெங்களூருவிலேயே பெங்களூருவை அதே 3-2. மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டினார்.

ரெலிகேஷன் (கடைசியில் வரும் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்குவது) இல்லாத லீக்கை லீக் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கேள்வி நியாயமானதுதான். அணி வாங்கும்போது பெரிய தொகை கட்டியவன் கீழே இறங்கச் சம்மதிக்க மாட்டான், அவ்வளவுதான் காரணம். மேலே ஏறும் கதவு மட்டும் திறந்தது: 2022-23 ஐ-லீக்கை ஜெயித்த பஞ்சாப் ஏறியது, அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். 2024-25 வரை கீழே இறங்கும் கதவு திறக்கவே இல்லை, பட்டியலின் அடியில் இருந்த அணிகள் பிப்ரவரிக்குப் பிறகு எதற்காக ஆடின என்று எனக்கும் விளங்கவில்லை.

2025இல் ஐஎஸ்எல் சீசன் ஏன் தொடங்கவில்லை?

மேலே சொன்ன அதே 15 வருஷ ஒப்பந்தம். 2025 டிசம்பர் 8இல் முடிய வேண்டியது, புதுப்பிப்பது பற்றிப் பேச்சு முடியாததால் ஜூலையிலேயே நடத்துபவர்கள் சீசனை நிறுத்திவைத்தார்கள். சம்மேளனம் டெண்டர் விட்டது, ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. வழக்கமாகச் செப்டம்பரில் உருள வேண்டிய பந்து அந்த ஆண்டு முழுக்க உருளவில்லை. தேதி பதினைந்து வருஷமாக எல்லோருக்கும் தெரியும், யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

கடைசியா: மோகன் பகான் அதிகமா, ஈஸ்ட் பெங்கால் அதிகமா? வீட்டில் சண்டை.

என்எஃப்எல்லில் இருவருக்கும் மூன்று மூன்று. ஐ-லீக்கில் பகானுக்கு இரண்டு, ஈஸ்ட் பெங்காலுக்குச் சுழியம். அந்த 42 புள்ளியைத்தான் அவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே?