ஆன்டாலஜியும் செமான்டிக்ஸும் நிறுவன மாடல்களை உண்மையிலேயே மேம்படுத்துமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆர்க்கிமேட் (துறை, அப்ளிகேஷன், சர்வர் போன்றவற்றின் தொடர்பை வரையும் மொழி), பிபிஎம்என் (வேலை நடக்கும் வரிசையை வரையும் மொழி) மாடல்கள் நிறைய இருக்கின்றன. ஒரு துறை வரைந்ததை இன்னொரு துறையின் மாடலோடு சேர்த்தால் ஒட்டுவதில்லை. ஆன்டாலஜியை, அதாவது என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்கிடையே என்ன உறவு என்ற கறாரான வரையறையை, கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். சரியாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

சரியாகும், ஆனால் டூல் வாங்குவதால் சரியாகாது. இருக்கிற டயகிராம்களை எல்லாம் தொடர்புகளாகவே சேமிக்கும் ஒரு கிராஃப் டேட்டாபேஸில் ஏற்றினால், ஒட்டாத மாடல்கள் ஒரே இடத்தில் ஒட்டாமல் கிடக்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள் எழுதியிருக்கும் பெயர் உலகில் எதைக் குறிக்கிறது (செமான்டிக்ஸ் என்பது இதுதான்) என்பதை வரைகிறவர் தீர்மானித்தே ஆக வேண்டும் என்ற நிலையை ஆன்டாலஜி உண்டாக்குகிறது. பலன் முழுக்க அங்கேதான். நான் இந்த வேலையிலேயே இருப்பவன். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

முதலில், ஏன் ஒட்டவில்லை? மாடலிங் மொழிகள் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு அம்பு போகலாம் என்பதைக் கறாராகச் சொல்கின்றன. பெட்டிக்குள் எழுதும் பெயருக்கு என்ன பொருள் என்பதைப் பெரும்பாலும் வரைகிறவரிடமே விட்டுவிடுகின்றன. 2011இல் வந்த பிபிஎம்என் 2.0இல் லேனை எடுத்துக்கொள்ளுங்கள், வேலைகளைப் பிரித்துக் காட்டும் நீளமான பட்டை அது. லேனுக்கு என்ன பொருள் என்பது வரைகிறவரைப் பொறுத்தது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. ஆகவே ஒருவர் லேனுக்குத் துறையின் பெயர் வைக்கிறார், இன்னொருவர் பதவியின் பெயர் வைக்கிறார், மூன்றாமவர் ஒரு சாஃப்ட்வேரின் பெயரை வைக்கிறார். மூன்றுமே இலக்கணப்படி சரி. மூன்றையும் சேர்த்து ‘இந்த வேலைக்கு யார் பொறுப்பு’ என்று கேட்டால்தான் பதில் வராது. ஆர்க்கிமேட் இன்னும் கொஞ்சம் பிரித்துத் தருகிறது, செயல்படுபவர் வேறு, அவர் ஏற்கும் பங்கு வேறு என்று. ஆனால் அங்கேயும் அசோசியேஷன் என்ற கோடு ஒன்று இருக்கிறது. வேறெந்த உறவும் பொருந்தாத இடத்தில் போடுவதற்கானது. அவசரத்தில் எல்லா இடத்திலும் அதைத்தான் போடுகிறார்கள்.

யாயர் வாண்டும் ரான் வெபரும் 1990களில் இதை ஆராய ஒரு நல்ல வழி காட்டினார்கள். தத்துவ அறிஞர் மரியோ புங்கேயின் ஆன்டாலஜியை அடிப்படையாக வைத்து, மாடலிங் மொழியின் குறிகளை ஒரு பக்கமும் உலகில் உள்ள பொருள்வகைகளை மறுபக்கமும் நிறுத்திப் பொருத்திப் பார்ப்பது. ஒரே குறி பல வகைகளைக் குறிக்கிறதா? பல குறிகள் ஒன்றையே குறிக்கின்றனவா? எதையும் குறிக்காத குறி உண்டா? குறியே இல்லாத வகை உண்டா? உங்கள் மாடல்களை இந்த நான்கு கேள்விகளோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த மென்பொருளும் தேவையில்லை. லேன் முதல் கேள்வியிலேயே மாட்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: வகையையும் பங்கையும் பிரிப்பது. வாடிக்கையாளர், சப்ளையர் என்று இரண்டு தனிப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லா நிறுவன மாடல்களிலும் இருக்கும். டேட்டாபேஸிலும் இரண்டு டேபிள்கள். நமக்குச் சரக்கு விற்கும் கம்பெனியே நம்மிடம் வாங்கவும் செய்தால் என்ன ஆகும்? இரண்டு ரெக்கார்டு, இரண்டு எண், இரண்டு முகவரி. அவர்கள் நமக்குத் தர வேண்டிய பாக்கியும் நாம் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் ஒரே திரையில் வராது. அந்தக் கம்பெனி திவாலானால் நமக்கு நிகர நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், யாராவது உட்கார்ந்து பெயர்களைக் கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டியதுதான்.

நிக்கோலா குவாரினோவும் கிறிஸ்டோபர் வெல்டியும் உருவாக்கிய ஆன்டோகிளீன் முறை இதை ஒரு கேள்வியில் பிடித்துவிடும். இந்தப் பண்பு போன பிறகும் அந்தப் பொருள் இருக்குமா? வாடிக்கையாளராக இருப்பது நின்றுபோனாலும் கம்பெனி கம்பெனியாகவே இருக்கும். ஆக, கம்பெனி என்பது வகை, வாடிக்கையாளர் என்பது அது சில காலம் ஏற்கும் பங்கு. இந்த முறையில் ஒரு கறாரான விதியும் உண்டு: பங்குக்குக் கீழே வகையை வைக்கக் கூடாது. வாடிக்கையாளர் தனிமனிதராகவும் இருக்கலாம், கம்பெனியாகவும் இருக்கலாம் என்பதைக் காட்ட, வாடிக்கையாளர் என்ற பெட்டிக்குக் கீழே மனிதர், கம்பெனி என்று இரண்டு துணைவகைகளை வரைவது வழக்கம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படம் சொல்வது, உலகில் உள்ள மனிதர் எல்லாரும் நம் வாடிக்கையாளர் என்று! உங்கள் ஊழியர் உட்பட. மனிதக் கண் இதை மன்னித்துவிடும், தர்க்கம் மன்னிக்காது.

சரி, பங்கு எங்கிருந்து வருகிறது? ஒப்பந்தத்திலிருந்து. ஜான்கார்லோ குயிட்சார்டி 2005இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த யூஎஃப்ஓ என்ற அடிப்படை ஆன்டாலஜியும், அதை வைத்து எழுந்த ஆன்டோயூஎம்எல் மொழியும், இரண்டு தரப்பைப் பிணைக்கும் ஒப்பந்தம் போன்றவற்றைத் தனிப் பொருளாகவே வரையச் சொல்கின்றன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வெறும் கோடாக விட்டுவிட்டால், தொடங்கிய தேதி, முடியும் தேதி, விலை நிபந்தனை, கையெழுத்திட்டவர் என எதையும் வைக்க இடம் இருக்காது. தனிப் பொருளாக்கினால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. முன்னாள் வாடிக்கையாளர் என்று புதிய பெட்டி போட வேண்டியதில்லை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதே போதும். ஒரே கம்பெனி இரண்டு பக்கமும் இருப்பது, இரண்டு ஒப்பந்தங்களில் இரண்டு பங்குகளை ஏற்பது என்று சாதாரணமாக முடிந்துவிடும்.

பதவிக்கும் இதே கதைதான். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2014இல் பரிந்துரைத்த ஆர்கனைசேஷன் ஆன்டாலஜியில் பதவி என்பது அதில் உட்காரும் ஆளிலிருந்து பிரிந்த தனிப் பொருள். கொள்முதல் மேலாளர் பதவி காலியாக இருக்கும்போதும் அந்தப் பதவிக்கான ஒப்புதல் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை. ஆளையும் பதவியையும் ஒரே பெட்டியில் போட்ட மாடலில், அவர் ராஜினாமா செய்த நாளிலேயே அந்த அதிகாரமும் காணாமல் போகிறது. அப்புறம் தயாரிப்பு. மாடல் எண் கொண்ட தயாரிப்பு வேறு, சீரியல் எண் கொண்ட ஒரு துண்டு வேறு. பட்டியல் விலை முன்னதற்கு, வாரன்ட்டி பின்னதற்கு. விற்பனைத் துறை ஒன்றையும் சர்வீஸ் துறை மற்றதையும் ‘தயாரிப்பு’ என்றே எழுதியிருப்பார்கள். உங்கள் மாடல்கள் ஒட்டாததற்கு இது ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் எவ்வளவு தூரம் செய்வது என்பதில்தான் பல முயற்சிகள் மூச்சு வாங்குகின்றன. நிறுவனம் முழுவதற்கும் ஒரு ஆன்டாலஜி என்று கிளம்பினால் முடிவே இராது. இதற்கு மார்க் ஃபாக்ஸும் மைக்கேல் குருனிங்கரும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டோவ் திட்டத்தில் 1990களிலேயே நல்ல கடிவாளம் போட்டுவிட்டார்கள். ஆன்டாலஜி பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை முதலில் எழுது, அந்தக் கேள்விகளுக்குத் தேவைப்படாதது உள்ளே வர வேண்டாம். ‘இந்த சர்வர் நின்றால் எந்தெந்த வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் வாக்குத் தவறுவோம்?’ என்பது அப்படியொரு கேள்வி. இதற்குப் பதில் சொல்ல சர்வர், அதில் ஓடும் அப்ளிகேஷன், அதை நம்பியிருக்கும் வேலை, அந்த வேலை தரும் சேவை, அந்தச் சேவையை உறுதியளித்த ஒப்பந்தம் என்ற சங்கிலி வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் உறவுக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அம்பு ‘இது இல்லாமல் அது ஓடாது’ என்றும் இன்னோரிடத்தில் ‘இதிலிருந்து அதற்கு டேட்டா போகிறது’ என்றும் பொருள்பட்டால், கிடைக்கும் பதில் பொய். ஆர்க்கிமேட்டின் அசோசியேஷன் கோடுகளை இந்தச் சங்கிலியில் வரும் இடங்களில் மட்டும் சரியான உறவாக மாற்றுங்கள். மற்றவை இருந்துவிட்டுப் போகட்டும்.

கணினிக்குப் புரியும்படி எழுதும் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும்’ என்பதை ஓடபிள்யூஎல் என்ற ஆன்டாலஜி மொழியில் எழுதிவிட்டு, உரிமையாளர் இல்லாதவற்றை ரீசனர் (தர்க்கப்படி முடிவு காணும் மென்பொருள்) பிழை என்று காட்டும் என எதிர்பார்க்காதீர்கள். சொல்லப்படாதது பொய் என்று அது எடுத்துக்கொள்வதில்லை. உரிமையாளர் எங்கோ இருக்கிறார், நமக்குச் சொல்லப்படவில்லை என்றே கொள்ளும். ஒருவருக்கு மேல் கூடாது என்று எழுதிவிட்டு இரண்டு பெயர்களைக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை: இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாத வரை, இருவரும் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடும். இது குறை அல்ல, அந்த மொழியின் தர்க்கம் அப்படி அமைந்தது. வகைப்படுத்தவும், வரையறைகளுக்குள் முரண் இருக்கிறதா என்று பார்க்கவும் அது அருமையான கருவி. மாடலில் என்ன விடுபட்டிருக்கிறது என்று சரிபார்க்க, டேட்டாவுக்கான விதிகளை எழுதும் ஷாக்கிள் என்ற மொழி வேண்டும். 2017இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த அது, ‘இந்த அப்ளிகேஷனுக்கு உரிமையாளர் பதிவாகவில்லை’ என்று நேரடியாக அறிக்கை தரும். நிறுவன மாடல் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு முதல் ஆண்டில் தேவைப்படுவது இந்தச் சரிபார்ப்புதான் என்பது என் கருத்து.

ஏற்கெனவே இருக்கும் ஆன்டாலஜிகளைப் பற்றிச் சுருக்கமாக: நிதித் துறை என்றால் அதற்கென்றே உருவான ஃபைபோ ஆன்டாலஜியைப் பார்க்காமல் எதையும் எழுதத் தொடங்காதீர்கள். கடன், ஷேர், ஒப்பந்தத் தரப்பு போன்றவற்றின் வரையறைகள் அதில் கவனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. ஐஎஸ்ஓ தரமாகிவிட்ட பிஎஃப்ஓ போன்ற, எந்தத் துறைக்கும் பொதுவான வகைகளை மட்டும் சொல்லும் மேல்நிலை ஆன்டாலஜிகள் பல நிறுவனங்களின் டேட்டாவை இணைக்கும்போது உதவும். ஒரு நிறுவனத்தின் உள்வேலைக்கு அதன் சொற்களை மேலாளர்கள் முன் வைத்தால் கூட்டம் அத்தோடு முடிந்துவிடும். பிரிவினைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஆட்கள் பேசும் சொற்களிலேயே எழுதுங்கள்.

தொடங்குவதற்கு, ஒட்டாத மாடல்களில் இரண்டை மட்டும் எடுங்கள், இரண்டு துறைகளும் பதில் வேண்டும் என்று நினைக்கும் ஒரு கேள்வியோடு. அந்தக் கேள்விக்குள் வரும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் இரு துறையினரையும் சேர்த்து உட்கார வைத்து மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: இது எப்போது உருவாகிறது, எப்போது இல்லாமல் போகிறது, இரண்டு பதிவுகள் ஒன்றையே குறிக்கின்றன என்று எதை வைத்துச் சொல்வோம். இதில் வாக்குவாதம் வரும், வரட்டும். முடிந்த பிறகு ஆர்க்கிமேட் மாடலை அந்த மொழியை வெளியிடும் ஓப்பன் குரூப்பின் பரிமாற்றக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து, ஷாக்கிள் படிக்கும் டேட்டா வடிவமான ஆர்டிஎஃப் ஆக மாற்றி, எழுதி வாங்கிய விதிகளை ஷாக்கிளில் வைத்து, மாடலை யார் மாற்றினாலும் அது தானாக ஓடும்படி செய்யுங்கள். அறிக்கை மாடலை மாற்றியவருக்கே அன்றைக்கே போக வேண்டும். மாதம் ஒருமுறை ஆர்க்கிடெக்சர் குழுவுக்குப் போகும் அறிக்கையை யாரும் திறப்பதில்லை.