நொண்டுற குதிரைக்கு ஆபரேஷனா, கருணைக்கொலையா? நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். மாசக்கணக்கா, சில பேருக்கு வருஷக்கணக்கா நொண்டுற குதிரை, பாத்த வைத்தியம் எதுவும் கேக்கல, அடுத்து என்னன்னு தெரியாம ராத்திரி தூக்கம் இல்லாம எழுதியிருக்கீங்க. எல்லாத்தையும் சேத்து பதில் சொல்லிடறேன்.

டாக்டர், என் குதிரைக்கு 14 வயசு. முன்னங்கால் ரெண்டுலயும் நாவிகுலர், அதான் குளம்புக்குள்ள பின்பக்கம் இருக்குற சின்ன எலும்புல வர்ற வியாதி. லாடம் மாத்தி பாத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு. நரம்ப வெட்டி விட்டுடலாம்னு எங்க வெட் (கால்நடை டாக்டர்) சொல்றாரு. இது கொடுமை இல்லையா?

கொடுமை இல்லைங்க. ஆனா வெட்டுனா வியாதி போயிடும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. குளம்போட பின்பாதில இருந்து வலிய மேல கொண்டு போற நரம்பத்தான் வெட்டுறாங்க, உள்ள எலும்புலயும் தசைநாண்லயும் இருக்குற கோளாறு அப்படியேதான் இருக்கும். ஆபரேஷன் எவ்ளோ பலன் தரும்னு முன்னாடியே பாக்க ஒரு வழி இருக்கு, அதே நரம்புக்கு மரத்து போற ஊசி போட்டு நடக்க விட்டு பாருங்க. ஊசி போட்டும் நொண்டுச்சுன்னா கத்தி வெச்சாலும் நொண்டும், அத்தோட அந்த பேச்ச விட்டுடலாம். குளம்புக்குள்ள போற ஆழமான தசைநாண்ல கிழிசல் இருக்கான்னும் ஸ்கேன்ல பாத்துடுங்க. கிழிசல் இருந்தா நான் வேணாம்னுதான் சொல்வேன், ஏன்னா வலி தெரியாம குதிரை முழு பாரத்தையும் அதுல போட்டு ஒரேயடியா அத்துக்கும்.

வெட்டுன நரம்பு திரும்ப வளரவும் செய்யும். சிலதுக்கு ஒரு வருஷத்துலயே நொண்டல் வந்துடும், சிலது பல வருஷம் நல்லா இருக்கும், வெட்டுன இடத்துல நரம்பு முடிச்சு மாதிரி கட்டிக்கிட்டு அதுவே வலிக்கிறதும் உண்டு. அப்புறம் தினமும் குளம்ப தூக்கி பாக்க உங்களால முடியுமா? ஒரு நாள் கூட விடக்கூடாது. இந்த ஆபரேஷன் ஆன ஒரு பெண்குதிரைய சாதாரணமா பாக்க போனேன், குளம்ப தூக்குனா அடியில முக்கோணமா மெத்துனு இருக்குமே அந்த இடத்துல அரை விரல் நீளத்துக்கு ஆணி ஏறி சுத்தி கறுப்பா சீழ் கட்டியிருக்கு, அது பாட்டுக்கு புல்லு மென்னுக்கிட்டு நிக்குது.

பின்னங்கால் குளம்புக்கு மேல இருக்குற மூட்டு தேஞ்சு போச்சு. பிளேட்டும் ஸ்க்ரூவும் வெச்சு மூட்டையே ஒட்ட வைக்கலாம்ங்கறாங்க. சக்சஸ் ரேட் எவ்ளோ டாக்டர்?

எதுக்கு சக்சஸ்னு முதல்ல நீங்க முடிவு பண்ணுங்க. மறுபடி ஏறி ஓட்டவா, இல்ல மேய்ச்சல்ல வலி இல்லாம நடமாடினா போதுமா? ரெண்டுக்கும் பதில் வேற. நீங்க சொல்ற பாஸ்டர்ன் மூட்டு இயல்பாவே ரொம்ப அசையாது, அதனால ஒட்டிப் போனாலும் குதிரைக்கு பெரிய இழப்பு இல்ல, அதுலயும் பின்னங்கால் முன்னங்கால விட நல்லா தேறும், வேலைக்கு திரும்புன குதிரைங்க நிறைய இருக்கு. இதே ஆபரேஷன் அதுக்கும் மேல இருக்குற ஃபெட்லாக் மூட்டுலன்னா கதையே வேற, அது நல்லா மடங்கி நிமிர வேண்டிய மூட்டு, ஒட்ட வெச்சா உயிரோட நிம்மதியா இருக்கும், அவ்ளோதான், சவாரி கிடையாது.

மயக்க மருந்து பத்தியும் யோசிக்கணும். வயித்து வலி கேஸ் இல்லாத சாதாரண ஆபரேஷன்ல கூட ஏறக்குறைய நூறுக்கு ஒரு குதிரை இறந்து போகுது, மனுஷங்களோடயும் நாயோடயும் ஒப்பிட்டா இது ரொம்ப அதிகம். முக்கியமான காரணம் எழுந்திரிக்கிற நேரம். அரை டன் எடை, பயந்தா ஓடுறதுதான் அதோட சுபாவம், அரை மயக்கத்துலயே எழுந்து நிக்க பாக்கும். 1975-ல ரஃபியன்ங்கற ரேஸ் குதிரைக்கு உடைஞ்ச கால சரி பண்ணி முடிச்சாங்க, மயக்கம் தெளியும்போது உதறி அடிச்சுக்கிட்டதுல எல்லாம் வீணாப் போச்சு, கடைசில கருணைக்கொலைதான். பார்பரோங்கற இன்னொரு ரேஸ் குதிரை 2006 மே மாசம் பின்னங்கால ஒடைச்சுக்கிட்டான், ஆபரேஷன் நல்லாவே நடந்துச்சு, ஆனா நல்ல கால் மேல பாரம் விழுந்து விழுந்து அந்த குளம்புல லாமினைட்டிஸ், அதான் குளம்புக்குள்ள வர்ற அழற்சி, வந்து 2007 ஜனவரில கருணைக்கொலை பண்ண வேண்டியதாச்சு. உங்களுது அவ்ளோ மோசமான கேஸ் இல்ல, ஆனாலும் நல்ல கால் மூணும் எப்படி இருக்குன்னு கேக்காம கையெழுத்து போடாதீங்க. இன்னொன்னு, மாசக்கணக்குல லாயத்துக்குள்ளயே நிக்கணும். அடைச்சா சுவர உதைக்கிற குதிரைன்னா அதையும் சர்ஜன்கிட்ட சொல்லிடுங்க.

தீனி நல்லா திங்குது, என்ன பாத்தா கனைக்குது. அப்போ வலி தாங்கக்கூடிய அளவுலதான் இருக்குன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்காதீங்க. இதுல ஏமாந்தவங்க ரொம்ப பேர். குதிரை இரையாகுற மிருகம், வலிய வெளில காட்டிக்கிட்டா சிங்கமோ ஓநாயோ அதத்தான் முதல்ல பிடிக்கும், அதனால மறைச்சு மறைச்சே பழகின ஜாதி. கடுமையா வலிக்கிற குதிரை கூட வாய்க்கு எட்டுன புல்ல திங்கும்.

நான் முதல்ல பாக்குறது தூக்கத்தத்தான். நின்னுக்கிட்டே கண்ணசரும், ஆனா ஆழ்ந்த தூக்கத்துக்கு தினமும் அரை மணியாவது படுத்தே ஆகணும். எழுந்திரிக்க வலிக்கும்னு பயந்து படுக்காம விட்டா, நின்ன வாக்குல தூங்கி முன்னங்கால் மடங்கி பொத்துனு விழும், உடனே துள்ளி எழுந்துக்கும். அதனால ஃபெட்லாக் முன்பக்கம் தோல் வழண்டு பழைய காயமும் புது காயமுமா இருக்கும். ஒரு வீட்டம்மா இத பூச்சிக்கடின்னு நினைச்சு ரெண்டு மாசம் களிம்பு தடவியிருக்காங்க, பாவம் அவங்க மேல தப்பு சொல்ல முடியுமா. காலைல போனதும் உடம்புல மரத்தூளோ வைக்கோலோ ஒட்டியிருக்கான்னு பாருங்க, ஒட்டியிருந்தா படுத்திருக்கு.

மூஞ்சியையும் பாருங்க. வலி இருந்தா காது பின்பக்கமா விறைச்சு நிக்கும், கண்ணு மேல முக்கோணமா எலும்பு புடைக்கும், தாடை சதை இறுகி இருக்கும். ஓய்வா நிக்கும்போது நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் இருக்க வேண்டிய இதயத்துடிப்பு நாள் முழுக்க 60க்கு மேலயே இருந்தா உடனே கால்நடை டாக்டருக்கு போன் பண்ணுங்க. ஒரு நோட்டு போட்டு தினமும் ரெண்டு வரி எழுதுங்க, படுத்துச்சா, தானா நடந்துச்சா, கூட்டத்தோட போச்சா ஒதுங்கி நின்னுச்சான்னு. நல்ல நாள் எத்தன, கெட்ட நாள் எத்தனன்னு மாசக் கடைசில எண்ணிப் பாருங்க, மனசு சொல்ற கணக்கும் நோட்டு சொல்ற கணக்கும் ஒண்ணா இருக்காது.

வலி மாத்திரையே தினமும் குடுத்து காலம் தள்ளலாமா?

தள்ளலாம், வயசான குதிரைக்கு நானே அப்படி குடுக்கிறேன். குறைஞ்ச டோஸ், நடுநடுல ரத்தப் பரிசோதனை. ப்யூட்ங்கற வலி மருந்து வயித்துலயும் பெருங்குடல்லயும் புண்ணாக்கும், கிட்னியையும் பாதிக்கும், அதனால நீங்களா டோஸ ஏத்தாதீங்க, ரெண்டு வலி மாத்திரைய சேத்தும் குடுக்காதீங்க. முழு டோஸ் குடுத்தும் படுக்க பயப்படுதுன்னா மாத்திரையோட எல்லை அதுதான்.

கருணைக்கொலைதான்னு முடிவு எடுத்துட்டோம். ஆனா பொண்ணு பரீட்சை முடிஞ்சு வர ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் தள்ளி போடலாமா? அன்னிக்கு என்ன நடக்கும்?

உங்க நோட்டுல கெட்ட நாள் அதிகமா இருந்தா தள்ளி போடாதீங்க. பொண்ண ஒரு நாளைக்கு வர சொல்லுங்க, இல்லன்னா வீடியோல பாத்து பேச சொல்லுங்க. ஒரு மாசம் காத்திருந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிக்க முடியாம புரண்டு அடிச்சுக்கிட்டு, வெட் வர ரெண்டு மணி நேரம் ஆனத நான் பாத்திருக்கேன். அந்த வீட்டுக்காரர் இன்னும் அந்த ரெண்டு மணி நேரத்த பத்தித்தான் பேசுறாரு.

முதல்ல அமைதிப்படுத்துற ஊசி, தலை தொங்கிடும். அப்புறம் கழுத்து ரத்தக்குழாய்ல மருந்து, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள சாஞ்சுடும். விழுறது கனமா, சத்தமா இருக்கும், அதனால முன்னாடி நிக்காதீங்க, கயித்த பழக்கப்பட்டவங்க புடிக்கட்டும். விழுந்தப்புறம் ஒண்ணு ரெண்டு பெருமூச்சு வரலாம், சதை துடிக்கலாம், கண்ணு மூடாது. அதுக்கு அப்போ எதுவும் தெரியாது, பயப்படாதீங்க. வால் முடி வேணும்னா முன்னாடி நாளே வெட்டி வெச்சுக்குங்க. இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. அந்த மருந்து உடம்புல தங்கிடும், தின்ன நாயும் கழுகும் செத்துடும், அதனால ஆழமா புதைக்கவோ எரிக்கவோ ஏற்பாடு தயாரா இருக்கட்டும்.

கூட வளந்த குதிரை இருந்தா உடம்ப எடுக்குறதுக்கு முன்னாடி அத கிட்ட விடுங்க. வந்து மோந்து பாக்கும், மூக்கால ஒரு தடவை தள்ளும், கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் தானா மேய போயிடும். காட்டாம எடுத்துட்டு போனா நாள் கணக்குல வேலி ஓரமா நின்னு கனைச்சு தேடுறதுங்களும் உண்டு.