ஊசிமுனை அரசியல்: கோத்தகிரியிலிருந்து கேள்வி பதில்

30 வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். துணிக்கலையும் அரசியலும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றது என் தப்புதான். மழை வலுப்பதற்குள் முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

ஊட்டி வாசகர்: பூத்தையல் அழகுக்குத்தானே? அதில் ஏது அரசியல்?

சிலி நாட்டில் 1973-ல் பினோசே ராணுவத்தை வைத்து ஆட்சியைப் பிடித்தார். அதன்பின் ஏராளமானோர் காணாமல்போனார்கள். தேடி அலைந்த அம்மாக்களும் மனைவிகளும் சாக்குத்துணியில் கந்தல்களை ஒட்டுப்போட்டுப் படம் தைத்தார்கள். ஆர்பியேரா என்று பெயர். தூரத்தில் மலை, பளிச்சென்று சூரியன், அடியில் ‘எங்கே இருக்கிறார்கள்?’ என்று ஒரு வரி. கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி அமைப்பு ஒன்று அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றுக்கொடுத்தது. பொம்பளைகள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தால் எந்தச் சிப்பாய் சந்தேகப்படுவான்?

இன்னொன்று. பிக்காசோவின் ‘கெர்னிகா’வைப் பார்த்து 1955-ல் நெய்த பெரிய திரைச்சீலை ஒன்று ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வெளியே தொங்கியது. குண்டுவீச்சில் சிதைந்த ஊரின் படம். 2003 பிப்ரவரியில், ஈராக் மீது போர் தொடுக்க நியாயம் பேச அமெரிக்க அமைச்சர் காலின் பவல் வந்த சமயம், அதை நீலத் திரை போட்டு மூடினார்கள். டி.வி. கேமராவுக்குப் பின்னணி சரியில்லையாம். துணியை மறைக்க இன்னொரு துணி!

குன்னூர் வாசகி: பாட்டி தைத்த மேசைவிரிப்பைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு மாட்டலாமா?

தலைப்புக்கு வெளியே. இருந்தாலும் சொல்கிறேன்: துணி கண்ணாடியைத் தொடக்கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கூடலூர் வாசகர்: நம் நாட்டில் துணி எப்போது அரசியலானது?

எப்போது ஆகவில்லை? இந்திய அச்சுத்துணி தங்கள் நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்து 1721-ல் அச்சடித்த பருத்தித்துணி உடுத்துவதற்கே தடை போட்டது. அதெல்லாம் பழசு என்பீர்கள். கையால் நூற்று நெய்த துணியில்தான் தேசியக்கொடி என்றிருந்த விதியை 2021 டிசம்பரில் திருத்தி, மெஷினில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் இடம் கொடுத்தார்கள்.

அரவேணு வாசகி: ஃபிரேம் போட்ட தையலில் கறுப்புப் புள்ளி வருகிறதே?

குன்னூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கல்லூரி மாணவர்: அக்கா, எங்கள் போராட்டப் பதாகையில் தோடர் பூவேலையைப் பிரிண்ட் எடுத்துப் போடலாமா? நீலகிரி அடையாளம்தானே?

யாருடைய அடையாளம், தம்பி? வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு வரையாமல், இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் வேலை அது. நாம் அடிப்பக்கம் என்று நினைக்கிற மேடுதட்டிய பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். இறந்தவரையும் பூத்துக்குளி என்கிற அந்தப் பூவேலைப் போர்வையைப் போர்த்தித்தான் அனுப்புகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அது பெயருக்குத்தான் காவல். ‘தோடர் தையல்’ என்று போட்டுப் போலியை விற்கக்கூடாது, அவ்வளவே. பெயர் போடாமல் வடிவத்தை மட்டும் எடுத்து அச்சடிக்கிறவனை அது தடுக்காது. நியாயம் பேசுகிற பதாகை கேட்காமல் எடுத்ததாக இருக்கலாமா? மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போய்க் கேளுங்கள். சம்மதித்தால் கூலி கொடுத்துத் தைத்து வாங்குங்கள்.

கூடலூர் வாசகர் மறுபடியும்: இது ரொம்பக் கெடுபிடி. பிரிட்டிஷ் கலைஞர் யின்கா ஷோனிபாரே அடுத்தவர் துணியை வைத்துத்தானே பெயர் வாங்கினார்?

நல்ல அடி! ஆனால் அவர் விஷயமே வேறு. ஆப்பிரிக்கத் துணி என்று உலகம் நம்புவது, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் இந்தோனேசிய பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் செய்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற சரக்கு. நைஜீரியப் பின்னணி கொண்ட அவர் அதை லண்டன் கடையில் வாங்கி, ஐரோப்பியப் பிரபுக்களின் உடுப்பாகத் தைத்துத் தலையில்லாத பொம்மைகளுக்குப் போடுகிறார். துணி வந்த வழியை அவர் மறைக்கவில்லை, அந்த வழிதான் அவர் கலையே. பதாகைப் பிரிண்டில் அந்த வழி எங்கே தெரிகிறது?

கூடலூர் வாசகர்: அப்படியானால் ஒரு ஓரத்தில் ‘தோடர் பெண்களுக்கு நன்றி’ என்று போட்டால்?

நன்றியை வைத்து நூல்கூட வாங்க முடியாது.

குன்னூர் வாசகி: அட்டை வைக்காமல் நேராகக் கண்ணாடி போட்டால் என்ன ஆகும்?

பூஞ்சை, அம்மா. பூஞ்சை.