அபார்ட்மெண்ட்ல இருக்கற பெரியவங்களுக்காக மாடித்தோட்டம் போடலாம்னு இருக்கோம். மனசுக்கு நிஜமாவே நல்லதா, எப்படி ஆரம்பிக்கறது?

நல்லதுதாங்க. ஆனா தோட்டம்னு ஒண்ணு இருக்கறதால மட்டும் இல்ல, அதுல அவங்களுக்குன்னு ஒரு வேலை இருக்கறதால. நெறைய அபார்ட்மெண்ட்ல என்ன பண்றாங்கன்னா லான் போட்டு, நாலு பெஞ்ச் போட்டு, தண்ணி ஊத்த ஒரு ஆளையும் வெச்சுடறாங்க, அப்புறம் பாத்தா அந்த பெஞ்சுல உக்காந்து போன் நோண்டறது செக்யூரிட்டி மட்டும்தான்.

சும்மா பாக்கறதுக்கே பலன் உண்டுங்கறது வேற விஷயம். ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல சயின்ஸ் பத்திரிகைல எழுதினாரு, பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க 46 பேரோட ரெக்கார்ட எடுத்துப் பாத்தா, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்சவங்கள விட சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகியிருக்காங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியாதான் தேவைப்பட்டிருக்கு. சின்ன ஆய்வுதான், அத வெச்சு செடி இருந்தா மாத்திரை வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நான் கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் போயி செடி வேலைக்கு ஒத்தாசை பண்றேன். அங்க ஒரு பாட்டி, யார்கிட்டயும் அதிகம் பேசாது, சாப்பாடு வந்தா சாப்பிடும், டிவி ஓடினா பாக்கும், அவ்ளோதான். ஒருநாள் காலேஜ் பையன் ஒருத்தன் ட்ரேல கொத்தமல்லி விதைய முழுசு முழுசா தூவிட்டு இருந்தான். பாட்டி எந்திரிச்சு வந்து, "ஏங்கண்ணு, முழுசாப் போட்டா என்னைக்கு மொளைக்கறது? இங்க குடு"ன்னு வாங்கி, தரைல கொட்டி, ரப்பர் செருப்ப கழட்டி அதால லேசா அழுத்தித் தேய்ச்சு, ஒவ்வொண்ணும் ரெண்டா உடையற மாதிரி பண்ணிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் மல்லி ட்ரே முழுக்க பாட்டி டிபார்ட்மெண்ட் ஆயிடுச்சு, தண்ணி ஜாஸ்தி ஊத்தினா யாரா இருந்தாலும் திட்டுதான். எல்லாரும் அவங்களுக்கு ஊட்டி விட்டு, மாத்திரை குடுத்து, கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற எடத்துல, அவங்க பாத்துக்க வேண்டிய ஒண்ணு இருக்கறதுதான் எனக்குத் தெரிஞ்சு இதுல பெரிய மருந்து.

அதனால உங்க பெரியவங்ககிட்ட மொதல்ல எந்தச் செடி வேணும்னு கேளுங்க. ரோஸ், ஆர்க்கிட்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. கீரைல ஆரம்பிக்கறது நல்லது, வெந்தயக்கீரையும் சிறுகீரையும் மூணு நாலு வாரத்துல கைக்கு வந்துடும், கத்திரிக்காய்க்கு காத்திருக்கற பொறுமை எல்லாருக்கும் இருக்காது. கூடவே கற்பூரவல்லி, துளசி, புதினா வைங்க, ஞாபகம் குறைஞ்சவங்க கூட கற்பூரவல்லி இலைய கசக்கி மோந்ததும் சளிக்கு கஷாயம் வெச்ச கதைய எடுத்துடுவாங்க. அரளி, ஊமத்தை ரெண்டும் அந்தப் பக்கமே வேண்டாம், விஷம், மறதி இருக்கறவங்க வாயில வெச்சுடுவாங்க.

செடி வளக்கற பைய, அதான் குரோ பேக, தரைல வைக்காதீங்க. இரும்பு ஸ்டாண்ட் அடிச்சு இடுப்பு உயரத்துல வெச்சா குனிய வேண்டியதில்ல, வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வரிசைய மட்டும் கொஞ்சம் தாழ்வா, கீழ முட்டி நுழையற மாதிரி காலியா விட்டு அடிக்கச் சொல்லுங்க. மாடி ஒழுகும்னு அசோசியேஷன்ல கண்டிப்பா ஒருத்தர் கெளம்புவாரு, அவருக்கும் இதே ஸ்டாண்டுதான் பதில், தண்ணி தேங்காம தரை காஞ்சுடும். மண்ணு மட்டும் ரொப்பினா வெயிட் தாங்காது, செம்மண், கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), மண்புழு உரம் மூணையும் சம அளவு கலந்துக்கங்க, கோகோபீட்ட ஊற வெச்சு ரெண்டு தடவ அலசிட்டு போடுங்க, உப்பு இருக்கும்.

யார் பாக்கறதுங்கறதுலதான் பாதி எடத்துல தோட்டம் காயுது. பொதுவுல விட்டா யாரோடதும் இல்லாம போயிடும், அதனால ஆளுக்கு ரெண்டு பேக், பக்கத்து ஃபிளாட் ஆளு ஜோடி, ஊருக்குப் போனா ஜோடி பாத்துக்கணும். சிங்கப்பூர்ல தேசியப் பூங்காக் கழகம் 2005ல ஆரம்பிச்ச சமூகத் தோட்டத் திட்டத்துலயும் குடியிருப்புக்காரங்களேதான் தோட்டத்த நடத்தறாங்க, வேலையாள் போட்டு இல்ல.

வேலை நேரம் காலைல எட்டுக்குள்ள முடிஞ்சுடணும். சுகர் இருக்கறவங்கள வெறுங்கால்ல விடாதீங்க, கால்ல ஒரு முள்ளு குத்தினது கூட தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு புண்ணாதான் தெரியும். கிளவுஸ் போடச் சொல்லுங்க (போட மாட்டாங்க, சொல்லிட்டே இருங்க), டெட்டனஸ் வராம இருக்கப் போடற டிடி ஊசி எப்ப போட்டாங்கன்னு கேட்டு வெச்சுக்கங்க. ஏப்ரல் மே வெயிலுக்கு பச்சை நெட்டு கட்டாம கீரை தாங்காது, அந்தச் செலவையும் இப்பவே அசோசியேஷன் பட்ஜெட்ல சேத்துடுங்க, அப்புறம் கேட்டா தர மாட்டாங்க.