ஆறு பொட்டுக் கருவண்டு: பயிருக்குப் பகையா, துணையா?

கேள்வி: நிலக்கடலையில் களை வெட்டும்போது ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு கருவண்டு வரப்போரம் ஓடியது. மேலெல்லாம் வெள்ளைப் பொட்டு. துரத்தினாலும் பறக்கவில்லை. பிடித்தபோது ஏதோ நீரைப் பீய்ச்சியது, விரல் எரிந்தது. போன வருஷம் வேர்ப்புழுவால் நிறைய செடிகள் காய்ந்தன. இது அந்தப் புழுவின் தாய் வண்டா? குருணை மருந்து போடலாமா?

பதில்: இந்த வண்டுக்காக மருந்து போடாதீர்கள் ஐயா. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆந்தியா என்ற பேரினத்தைச் சேர்ந்த தரைவண்டு. பூச்சி, புழுக்களை வேட்டையாடித் தின்பது, வேரைத் தொடாது.

இன்னொன்று கண்ணில் பட்டால் கண்ணாடி பாட்டிலில் தள்ளி, மூடி வைத்துப் பாருங்கள். முதலில் பொட்டுகளை எண்ணுங்கள். மார்பில் இரண்டு, முதுகு ஓட்டில் நான்கு இருந்தால் அது ஆந்தியா செக்ஸ்குட்டேட்டா. லத்தீனில் 'ஆறு சொட்டு' என்றே பொருள். 1775-இல் ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் வைத்த பெயர். அப்புறம் மார்பைப் பாருங்கள்: இதய வடிவில், வயிற்றுப் பகுதியைவிட நன்றாகக் குறுகி இருக்கும். தாடைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கால்கள் நீளம், ஓட்டத்துக்கென்றே அமைந்தவை. முதுகின் இரண்டு ஓடுகளும் நடுக்கோட்டில் ஒட்டிப்போயிருக்கும், உள்ளே பறக்கும்படியான இறக்கையும் இல்லை. அதனால்தான் துரத்தியும் அது பறக்கவில்லை.

வேர்ப்புழுவின் தாய் வண்டு இப்படி இருக்காது. பழுப்பு நிறம், உருண்ட உடம்பு, உணர்கொம்பின் நுனியில் விசிறி மாதிரி தட்டுகள். மழை பெய்ததும் இரவில் பறந்துபோய் வேப்பமரம் போன்றவற்றின் இலையைத் தின்னும். தரைவண்டின் கொம்போ நுனிவரை நூல் மாதிரிதான் போகும். கருப்பாக, பறக்காமல், மெதுவாக ஊர்கிற இருள்வண்டு என்று வேறொன்றும் உண்டு. அதன் கொம்பு பாசிமணி கோத்ததுபோல் இருக்கும். பின்னங்கால் பாதத்தில் நான்கு கணுக்கள்தான். தரைவண்டுக்கு ஆறு கால்களிலும் ஐந்தைந்து. லென்ஸ் இருந்தால் எண்ணிவிடலாம்.

விரல் எரிந்ததற்குக் காரணம் ஃபார்மிக் அமிலம், எறும்புகளிடம் இருக்கும் அதே அமிலம். வயிற்றின் நுனியிலிருந்து பீய்ச்சும். தோலில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் நீண்ட நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். குனிந்து முகத்துக்கு நேராக வைத்துப் பார்க்கவே கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

மருந்து வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பறக்கிற பூச்சி செத்தாலும் பக்கத்து நிலத்திலிருந்து சீக்கிரம் வந்துவிடும். இது நடந்துதான் வரவேண்டும். ஒருமுறை அழிந்தால் உங்கள் வயலுக்கு மறுபடி வர வெகுகாலம் ஆகும், வராமலே போகவும் கூடும். பகலில் கல்லுக்கடியிலும் புல் மண்டிய வரப்பிலும் பதுங்கும், ஆகவே வரப்பு முழுவதையும் சுத்தமாகச் செதுக்காமல் ஓரிடத்தையாவது விட்டுவையுங்கள்.

சரி, வேர்ப்புழு பயம் நியாயமானதுதான். வாடிய செடியின் அடியில் தோண்டிப் பாருங்கள். அரைவட்டமாகச் சுருண்ட, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழு இருந்தால், எத்தனை செடிக்கு எத்தனை புழு என்று எழுதி அனுப்புங்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று தனியாகச் சொல்கிறேன். பாட்டிலில் பிடித்த கருவண்டை எடுத்த வரப்பிலேயே விட்டுவிடுங்கள்.