பெட்டி கட்டுவதற்கு முன்பே கவுன்சிலுக்குப் போங்கள்

கேள்வி: வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்துவிட்டார். கெடு முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது. கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) கேட்டால், "பெய்லிஃப் (நீதிமன்ற ஆணையோடு வந்து வீட்டைக் காலி செய்ய வைப்பவர்) வரும் வரைக்கும் அங்கேயே இருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது?
– வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: அந்த நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை, சகோதரி. கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பித் திரும்பி வந்துவிடுகிறோமே, நம்மவர்கள் பலர் கோட்டை விடுவது அங்கேதான். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, உதவிக்குத் தகுதியுள்ள ஒருவர் 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருந்தால், இருக்கும் வீட்டிலேயே தொடர வழி பார்ப்பதும், முடியாதென்றால் வேறு வீடு கிடைக்க உதவுவதும் கவுன்சிலின் கடமை. உங்களுக்கென்று எழுத்தில் ஒரு திட்டம் தர வேண்டும். 'பெர்சனலைஸ்ட் ஹவுசிங் பிளான்' என்பார்கள். அதில் நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கும், அவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கும். உங்கள் பக்கம் மட்டும் நிரம்பி அவர்கள் பக்கம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் கேளுங்கள்.

நீதிமன்றம் பெய்லிஃபுக்கு வாரண்ட் கொடுக்கும் வரை ஒருவரைக் குடியிருக்கச் சொல்வது நியாயமில்லை என்று கவுன்சில்களுக்கான அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது. அதற்காக அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், தானாக வீட்டை விட்டவர் என்று எழுதிவிட்டால் பிறகு உங்களுக்கு வீடு பார்த்துத் தரும் கவுன்சிலின் முழுப் பொறுப்பும் கிடைக்காமல் போகலாம். இன்றே மின்னஞ்சலில் விண்ணப்பியுங்கள். 'காத்திருங்கள்' என்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள், சரியா? அசைந்து கொடுக்கவில்லை என்றால் ஷெல்டர் என்ற வீட்டுவசதித் தொண்டு அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடைசி நாளில் ஓடிய ஒரு குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். கிடைத்தது பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்கிற தங்கும் விடுதியில் ஒரே அறை. ரைஸ் குக்கர் ஜன்னல் விளிம்பில் இருந்தது, மூத்த பெண் கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், தம்பி தூங்கியதால் விளக்கைக்கூடப் போட முடியவில்லை. பிள்ளைகளுள்ள குடும்பத்தை அப்படி 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். அவர்கள் அதற்கு மேலும் இருந்தார்கள்.

கேள்வி: எங்கள் கவுன்சில் 'வீடின்மைத் தடுப்புத் திட்டம்' என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறது. நாம் எழுதி என்ன ஆகப்போகிறது?
– வாசகர், தெற்கு லண்டன்

பதில்: எழுதுங்கள் ஐயா, கட்டாயம் எழுதுங்கள். 2002ஆம் ஆண்டு வீடின்மைச் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் யார், ஏன் வீடிழக்கிறார்கள் என்று ஆராய்ந்து 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுத் திட்டம் போட்டாக வேண்டும். இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருப்பது, சமையலறையை நேரம் பிரித்துப் பயன்படுத்துவதெல்லாம் நாம் சொல்லாவிட்டால் அந்தக் கணக்கில் எப்படி வரும்?

திட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள்: 'அஃபோர்டபிள்', அதாவது கட்டுப்படியாகும் என்பது. அஃபோர்டபிள் ரென்ட் என்பது சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம், லண்டனில் ஒரு சம்பளக் குடும்பத்துக்கு அது எட்டாது. கவுன்சில் வீடுகளுக்கு வழக்கமாக வாங்கும் 'சோஷியல் ரென்ட்' அதைவிட எவ்வளவோ குறைவு. 1980இலிருந்து கவுன்சில் வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களுக்கே விற்றார்கள், விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை, இன்றைய நெருக்கடியில் பாதி அங்கே தொடங்கியது என்றுதான் நான் சொல்வேன். எனவே சுற்றி வளைக்காமல், வரும் 5 ஆண்டில் சோஷியல் ரென்ட்டில் மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை, எந்த வார்டில், எந்த ஆண்டில் என்று கேட்டு எழுதுங்கள்.